பத்து ஆண்டுகள் முடிந்து வந்த 84 பக்கங்கள்: ஒரு புல்வெளிப் பராமரிப்பு பிரான்சைஸைப் புதுப்பித்தபோது

ஒன்ராறியோவின் டூரம் பிராந்தியத்தில், ஏஜாக்ஸ் நகரையும் பிக்கரிங்கின் ஒரு பகுதியையும் சேர்த்து வகுக்கப்பட்ட எல்லைக்குள், 2015 ஆம் ஆண்டு இளவேனிலிலிருந்து பிரான்சைஸ் முறையில், அதாவது ஒரு பெரிய கம்பனியின் பெயரையும் முறைகளையும் பணம் கட்டிப் பெற்று, புல்வெளிப் பராமரிப்புத் தொழில் நடத்தி வருகிறேன். பத்து ஆண்டும் சில மாதங்களும் என எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 31 இல் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிக்கும் வேலை அந்த ஆண்டு ஜூனில் தொடங்கி, டிசம்பர் நடுப்பகுதியில் கையொப்பத்தோடு நிறைவுற்றது. புல்வெளிக் கம்பனிகளைப் பற்றி வீட்டுக்காரர்கள் எழுதும் மதிப்பீடுகளுக்குக் குறைவில்லை. அந்தக் கம்பனியின் பெயரைத் தன் வான் வண்டியில் ஒட்டிக்கொண்டு, விற்பனையில் ஒரு பங்கை ரோயல்டியாக மாதா மாதம் அதற்குக் கட்டுகிறவன் எழுதிய மதிப்பீடு ஒன்று தமிழில் இதுவரை என் கண்ணில் படவில்லை. தலைமைக் கம்பனி எனக்கு விற்கும் சேவை எப்படிப்பட்டது, அதை இரண்டாம் முறை வாங்கலாமா என்பதைப் பற்றியதுதான் இந்த எழுத்து. இன்றும் நான் அவர்களோடு ஒப்பந்தத்தில் இருப்பதால் கம்பனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதுவது எந்தக் கம்பனியின் புதுப்பிப்புப் பத்திரத்தை வாசிப்பவருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் சொந்தக்காரர்கள் பத்து வருடமாக இதைப் “புல்லு வெட்டுற பிஸ்னஸ்” என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் நாங்கள் புல் வெட்டுவதில்லை. ஏப்ரலில் பனி உருகி நிலம் இளகியதும் முதல் உரம், மே மாதத்தில் டான்டிலயன் மஞ்சளாகப் பூக்கும்போது களைக்கட்டுப்பாடு, கோடையில் மெதுவாகக் கரையும் உரம், ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் புல்வேரைத் தின்னும் வெண்புழுக்களை அழிக்க நூற்புழுத் (நெமட்டோட்) தெளிப்பு, இலையுதிர் காலத்தில் ஏரேஷனும் (இறுகிய மண்ணில் துளையிடுதல்) விதைப்பும், உறைபனிக்கு முன் கடைசி உரம் என்று ஒரு வருடத்தின் வேலை ஓடும். வெட்டுவது வீட்டுக்காரரோ அவர் பேசி வைத்திருக்கும் வேறொருவரோ. தொழில் புல்லின் உயரத்தில் இல்லை, அதன் வேரிலும் மண்ணிலும் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், இப்படி ஒரு தொழிலுக்கு பிரான்சைஸ் எதற்கு என்ற கேள்விக்கே விடை சொல்ல முடியும்.

2015 இல் எனக்கு அந்த விடை தெளிவாக இருந்தது. இந்த மாகாணத்தில் 2009 ஏப்ரல் 22 இலிருந்து, வீட்டுப் புல்லை அழகுபடுத்துவதற்காக வழமையான களைகொல்லிகளையும் பூச்சிகொல்லிகளையும் அடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே கியூபெக்கின் ஹட்சன் என்ற சிற்றூர் 1991 இல் இத்தகைய தடையைக் கொண்டுவந்து, புல்வெளிக் கம்பனிகள் அதை எதிர்த்து வழக்காட, 2001 இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்த ஊருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ரொறன்ரோ நகரம் தன் சொந்தத் துணைவிதியை இயற்றியது. கடைசியில் மாகாணமே சட்டம் செய்தது. ஒரு கலனைத் தோளில் மாட்டி 2,4-டி என்ற களைகொல்லியை அடித்துவிட்டுப் போகும் தொழில் அத்தோடு முடிந்தது. எஞ்சியிருப்பது இரும்புச் சேர்மத்தால் அகன்ற இலைக் களைகளைக் கருக்கும் மருந்து, களை விதை முளைப்பதைத் தடுக்கும் சோளப் பசையத் (குளூட்டன்) தூள், உயிருள்ள நூற்புழுக்கள், இவற்றுக்கெல்லாம் மேலாகக் களை முளைக்க இடமே இல்லாதபடி புல்லை அடர்த்தியாக வளர்க்கும் வித்தை. உரிமம் எடுப்பது முதல், எந்த வெப்பநிலையில் எந்த மருந்தைத் தெளிப்பது என்பது வரை ஒன்றுமே தெரியாமல் தொழிற்சாலை வேலையை விட்டு வந்த எனக்கு, இதையெல்லாம் கற்றுத்தர ஒருவர் தேவைப்பட்டார். தலைமையகத்தில் ஒரு வாரமும், அனுபவமுள்ள இன்னொரு பிரான்சைஸ்காரரின் வானில் இரண்டு வாரமும் கிடைத்த அந்தப் பயிற்சிக்கு நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த பணத்துக்கு அது தகும்.

பத்து ஆண்டுகள் கழித்து, அதே பயிற்சிக்காக நான் இரண்டாம் முறை பணம் கட்டப்போவதில்லை. புதுப்பிக்கும்போது எதை வாங்குகிறேன் என்பதைப் புதிதாகக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது கம்பனி அனுப்பிய பத்திரம்தான். பழைய ஒப்பந்தம் 46 பக்கம். புதியது 84 பக்கம்.

பழைய ஒப்பந்தத்தில் “புதுப்பிக்கும் உரிமை” என்ற தலைப்பைப் பார்த்து, அதே நிபந்தனைகளோடு இன்னும் சில ஆண்டுகள் தொடரலாம் என்று நான் நம்பியிருந்தேன். அந்தப் பிரிவைக் கடைசி வரி வரை வாசித்தால், புதுப்பிக்கும் நாளில் கம்பனி புதிதாகச் சேருகிறவர்களுக்கு எந்த ஒப்பந்தத்தைக் கொடுக்கிறதோ அதில் கையொப்பமிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெரும்பாலான பிரான்சைஸ் ஒப்பந்தங்களில் இது வழக்கம் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். எனவே “புதுப்பித்தல்” என்ற சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. நடப்பது, பத்து ஆண்டு வாடிக்கையாளர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு புதிய ஒப்பந்தத்துக்குள் நுழைவது.

அறிவித்தல் கொடுக்கும் கெடு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தவறிப்போகவிருந்த இடம் அது. ஒப்பந்தம் முடிய 12 மாதத்துக்கு மேல் இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது, 6 மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது. அந்த இடைவெளிக்குள் எழுத்து மூலமான அறிவித்தல் பதிவுத் தபாலிலோ கூரியரிலோ தலைமையகத்தை அடைய வேண்டும், மின்னஞ்சல் செல்லாது என்பது நிபந்தனை. என் கணக்கில் அந்தக் கடைசி நாள் ஜூன் 30. இந்தத் தொழிலில் மே, ஜூன் மாதங்களில் காகிதத்தைக் கையில் எடுக்க நேரம் இருக்காது. நினைவூட்டும் ஒரு வரிகூடக் கம்பனியிலிருந்து வரவில்லை, ஆனால் ரோயல்டிக் கணக்கு ஒரு நாள் பிந்தினால் அதற்கு நினைவூட்டல் வரும். மே மாத இறுதியில் மழை பெய்து வேலை நின்ற ஒரு நாளில், வேறெதையோ தேடிக் கோப்பைப் புரட்டியபோது அந்தப் பிரிவு கண்ணில் பட்டது. ஜூன் நடுப்பகுதியில் கூரியரில் அறிவித்தல் அனுப்பினேன். மழை பெய்திருக்காவிட்டால் இந்த மதிப்பீட்டை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

செப்ரெம்பரில் அந்த 84 பக்கமும் மின்னஞ்சலில் வந்தன. பத்து நாளில் கையொப்பமிட்டு அனுப்பும்படி ஒரு வரி மேலே இருந்தது. நாங்கள் வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்த சட்டத்தரணியிடம் முதலில் போனேன். பிரான்சைஸ் ஒப்பந்தங்கள் தனக்குப் பழக்கமில்லை, அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் போங்கள் என்று அவர் நேர்மையாகச் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிரான்சைஸ் சட்டத்தரணி கேட்ட கட்டணம் முதலில் கூடுதலாகத்தான் பட்டது. ஆனால் முதல் சந்திப்பிலேயே அவர் கேட்ட கேள்வி, “வெளிப்படுத்தல் ஆவணம் எங்கே?” என்பது.

இந்த மாகாணத்தில் பிரான்சைஸ்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. முன்னாள் சட்டமா அதிபர் ஆர்தர் விசார்ட்டின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டம் 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒருவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பாக, கம்பனி தன் நிதிநிலை, வழக்குகள், கட்டணங்கள் முதலியவற்றை எழுதிய வெளிப்படுத்தல் ஆவணத்தை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. ஆவணம் பிந்தி வந்தாலோ அதில் இருக்க வேண்டியவை இல்லாவிட்டாலோ, அதைப் பெற்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் ஒப்பந்தத்தைக் கைவிடலாம். ஆவணமே கொடுக்கப்படாவிட்டால், கையொப்பமிட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அந்த உரிமை உண்டு. ஆனால் புதுப்பிப்புக்கு ஒரு விலக்கு இருக்கிறது. தொழில் இடையில் நிற்காமல் நடந்திருந்து, முந்தைய ஒப்பந்தத்துக்குப் பிறகு முக்கிய மாற்றம் எதுவும் நேர்ந்திராவிட்டால் ஆவணம் கொடுக்க வேண்டியதில்லை. கம்பனி இந்த விலக்கை நம்பித்தான் வெறும் ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தது.

என் சட்டத்தரணி அந்த “முக்கிய மாற்றம்” என்ற சொல்லில் கை வைத்தார். பத்து ஆண்டுக்குள் கம்பனி ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது; புதிய ஒப்பந்தத்தில் ரோயல்டி கூடியிருந்தது, எல்லை சுருங்கியிருந்தது. இவையெல்லாம் மாற்றம் இல்லையென்றால் எது மாற்றம் என்று அவர் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினார். மூன்று வாரத்தில் வெளிப்படுத்தல் ஆவணம் வந்தது, பத்து நாள் கெடு பேச்சில்லாமல் மறைந்தது. கம்பனி தன் தவறை ஒப்புக்கொண்டதாக நான் சொல்லவில்லை. கேட்டபோது கொடுத்தார்கள், கேட்காவிட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் என் அனுபவம். இந்தச் சட்டம் ஒன்ராறியோவுக்கு உரியது. கனடாவில் இது மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இருக்கிறது, அங்கே கொடுக்கப்படும் ஆவணத்தின் 17 ஆவது பகுதியில் புதுப்பிப்பு நிபந்தனைகளைத் தேடலாம்.

அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது நிதிநிலை அறிக்கை அன்று. கடந்த நிதியாண்டில் கம்பனியை விட்டு விலகியவர்கள், விலக்கப்பட்டவர்கள், புதுப்பிக்கப்படாதவர்கள் ஆகியோரின் பட்டியலைத் தொலைபேசி எண்ணோடு கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான்கு பேரை அழைத்தேன். ஒருவர் பேச மறுத்தார். இன்னொருவர் ஓய்வுபெற்று மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார், அவரிடம் முறைப்பாடு எதுவும் இல்லை. மற்ற இருவரும் ஏறக்குறைய ஒரே விடயத்தைச் சொன்னார்கள்: ஒப்பந்தம் முடிந்த மறுநாள் தொலைபேசி இலக்கம் கைமாறிவிட்டது. வாடிக்கையாளர் அதே இலக்கத்தை அழைக்கிறார், மறுமுனையில் கம்பனியின் அழைப்பு மையம் எடுக்கிறது, அடுத்த வருடத்து உரத்துக்கு முற்பணம் வாங்கிவிடுகிறது. வாடிக்கையாளருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. இந்தத் தொழிலில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் விலைக்கழிவு கொடுத்து முற்பணம் வாங்குவது வழக்கமாகையால், டிசம்பர் 31 இல் ஒப்பந்தம் முடிவது ஒன்றும் தற்செயலானதன்று. ஒரு வருட வருமானத்தின் பெரும்பகுதி அதற்கடுத்த பத்து வாரத்தில் முடிவாகிவிடும். பத்து ஆண்டு பழைய ஒப்பந்தத்தில் இலக்கம் பற்றிய அந்தப் பிரிவு இருந்தது. நானும் அதில் கையொப்பமிட்டிருந்தேன். ஆனால் அதை இழந்த ஒருவர் குரல் தழுதழுக்கச் சொல்லிக் கேட்கும்வரை அது எனக்கு உறைக்கவில்லை.

இனிப் பணக் கணக்கு. பழைய ஒப்பந்தத்தில் ரோயல்டி 6 வீதம், விளம்பர நிதி 2 வீதம். புதியதில் ரோயல்டி 7.5 வீதம், விளம்பர நிதி மாறவில்லை. என் ஆண்டு விற்பனை 380,000 டொலர் அளவில் நிற்கிறது. அதன்படி முன்பு கட்டியது 30,400 டொலர், இனிக் கட்ட வேண்டியது 36,100 டொலர். ஆண்டுக்கு 5,700 டொலர் கூடுதல். இதன் மேல் புதுப்பிப்புக் கட்டணம் 7,500 டொலர். இந்த 36,100 டொலருக்குப் பதிலாக எனக்குக் கிடைப்பது என்ன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

உரக் கொள்வனவில் கம்பனி நன்றாகவே உதவுகிறது. 2021 இலும் 2022 இலும் உர விலை ஏறிக்கொண்டே போனது. உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் கனடா ரஷ்ய இறக்குமதிகளுக்கு 35 வீதத் தீர்வை விதித்தது, உரமும் அதில் அடங்கியது. அந்த வசந்தத்தில், தனியாகத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் மூட்டை கிடைக்காமல் மூன்று மொத்தக் கடைகளுக்கு அலைந்தபோது, எனக்குக் கம்பனி முந்தைய இலையுதிர் காலத்திலேயே பேசி வைத்திருந்த விலைக்குச் சரக்கு வந்து இறங்கியது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் தொழில் நின்றபோதும் அப்படித்தான். மே 4 இல் புல்வெளி வேலைகளுக்கு மாகாணம் அனுமதி கொடுத்தபோது, வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய கடிதமும் பணியாளர் பாதுகாப்பு வழிமுறையும் அன்று காலையிலேயே தயாராகக் கையில் இருந்தன. இவற்றை மறந்துவிட்டுக் குறை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. மண்ணியல் தெரிந்த ஒரு ஆலோசகரைத் தொலைபேசியில் பிடிக்கலாம் என்பதும் பெரிய விடயம். வடக்கு பிக்கரிங்கில் சீட்டன் பகுதியில் எழும் புதிய வீடுகளில், கட்டுமான வாகனங்கள் ஏறி இறுகிய களிமண்ணின் மேல் மெல்லிய மண்படையைப் பரப்பிப் புல் விரிப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாம் கோடையில் அது வைக்கோலாகும். அங்கே ஏரேஷன் இயந்திரத்தை ஓட்டினால் விரலளவு மண்ணுருளைகளுக்குப் பதிலாக இரும்புப் பற்கள் நிலத்தில் துள்ளும். முதல் நாள் நன்றாக நீர் விட்டு ஊறவைத்து, இரண்டு திசையிலும் ஓட்டி, மேலே நல்ல மண்ணைத் தூவி விதைக்கும் முறையை எனக்குச் சொல்லித் தந்தவர் அந்த ஆலோசகர்தான்.

அழைப்பு மையத்துக்கு நான் கட்டும் பங்கு வீண். ஒரு சம்பவம் சொல்கிறேன். இரும்புச் சேர்ம மருந்து இலையில் பட்ட சில மணி நேரத்தில் டான்டிலயன் கறுத்துச் சுருங்கிவிடும். வாடிக்கையாளருக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அதே துளி நடைபாதைக் கல்லில் பட்டுக் காய்ந்தால் துருநிறக் கறையாகிவிடும். ஆகவே ஓரத்தில் தெளித்தவுடன் கல்லைக் கழுவிவிட வேண்டும். என்னிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு வீட்டில் அதை மறந்துவிட்டான். வாசலிலிருந்து வாகனம் நிறுத்துமிடம் வரை, புதிதாகப் பதித்த சாம்பல் கற்களில் பழுப்புப் புள்ளிகள் சிந்தியிருந்தன. வீட்டுக்கார அம்மா அழைப்பு மையத்துக்கு முறையிட, அவர்கள் மழை பெய்தால் போய்விடும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மழையில் அது போகாது. மூன்று மழைக்குப் பிறகு அந்த அம்மா என் கைத்தொலைபேசிக்கு அழைத்தபோது முதற்கோபம் முழுவதும் வெறுப்பாக மாறியிருந்தது. ஒக்சாலிக் அமிலக் கரைசலும் தூரிகையும் கொண்டுபோய், ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் முழந்தாளிட்டுத் தேய்த்து எடுத்தேன். அவர் இன்றும் என் வாடிக்கையாளர். அவர் மையத்தை அழைப்பதில்லை, நேரே என்னைத்தான் அழைக்கிறார். நூற்புழுக்களை ஆடி வெயிலில் நண்பகலில் தெளிக்கலாம் என்று அதே மையம் இன்னொருவருக்குச் சொன்னது வேறு கதை. அவை உயிருள்ளவை, ஈரமண்ணில் மாலை வேளையில் இறங்க வேண்டியவை.

கம்பனியின் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்த கேள்வி. முதல் இரண்டு ஆண்டும் வாடிக்கையாளர்கள் கம்பனியின் விளம்பரத்தைப் பார்த்தே வந்தார்கள். இப்போது வருகிறவர்களைக் கேட்டால், பக்கத்து வீட்டுப் புல்லைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்தானே என்று கணக்காளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

கட்டணத்தைத் தவிரப் பேச வேண்டியிருந்தவை நான்கு. முதலாவது விடுவிப்புப் பத்திரம். புதுப்பிக்க வேண்டுமானால், இந்நாள் வரை கம்பனி மீது எனக்கு இருக்கக்கூடிய எல்லா உரிமைக் கோரல்களையும் கைவிடுகிறேன் என்று கையொப்பமிட வேண்டும் என எழுதியிருந்தது. சட்டத்தரணி இதை வாசித்துச் சிரித்தார். மேலே சொன்ன பிரான்சைஸ் சட்டம் தரும் உரிமைகளை ஒருவர் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2010 இல் மைடாஸ் என்ற வாகனத் திருத்தகப் பிரான்சைஸ் கம்பனி சம்பந்தப்பட்ட வழக்கில் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், புதுப்பிப்புக்கு நிபந்தனையாக வாங்கப்படும் இத்தகைய விடுவிப்பு அந்த உரிமைகளைப் பொறுத்தவரை செல்லாது என்று சொல்லிவிட்டது. எனக்குக் கோரல் எதுவும் இருக்கவில்லை. இருந்தாலும் சட்டம் தரும் உரிமைகளுக்கு அது பொருந்தாது என்ற வரியைச் சேர்க்க வைத்தார்.

இரண்டாவது தனிப்பட்ட பிணை. தொழிலை நான் ஒரு கம்பனியாகப் பதிந்து நடத்தினாலும், அது கட்டத் தவறினால் நானும் மனைவியும் சொந்தப் பொறுப்பில் கட்ட வேண்டும் என்று 2015 இல் எழுதி வாங்கியிருந்தார்கள். அப்போது அவசரத்தில் இருவரும் போட்ட கையொப்பம் அது. இம்முறை சாப்பாட்டு மேசையில் பக்கங்களைப் பரப்பி வைத்திருந்தபோது மனைவி 71 ஆம் பக்கத்தை எடுத்து வாசித்துவிட்டு, “இதில என்ர கையெழுத்து ஏனப்பா வேணும்? நான் என்ன புல்லுக்கு மருந்தா அடிக்கிறன்?” என்றாள். அதைவிடச் சிறந்த சட்ட வாதம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்து ஆண்டு ஒரு தவணையும் தவறாமல் கட்டியவனிடம் இரண்டு பேரின் பிணை எதற்கு என்று எழுதிக் கேட்டோம். அவளுடைய பெயர் நீக்கப்பட்டது, என்னுடையது இருக்கிறது.

மூன்றாவது எல்லை. பழைய ஒப்பந்தத்தில் எனக்குத் தரப்பட்ட எல்லையின் வடக்கு ஓரத்தில் அன்று வெறும் வயல்கள் இருந்தன. இன்று அங்கே தெருத் தெருவாக வீடுகள் எழுகின்றன. புதிய வரைபடத்தில் அந்த வயல் ஓரத்தைக் காணவில்லை. வீடுகள் எத்தனை என்ற அளவுகோலில் எல்லைகளைச் சமப்படுத்துகிறோம் என்பது கம்பனியின் விளக்கம், அது முற்றிலும் தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே 2019 முதல் நான் பிடித்து வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஐந்து வாரப் பேச்சுக்குப் பிறகு, ஏற்கனவே உள்ளவர்களை நானே வைத்துக்கொள்ளலாம், அந்தப் பகுதியை வேறு எவருக்கும் விற்பதற்கு முன் இரண்டு ஆண்டு வரை என்னிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற அளவில் முடிந்தது. இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

நான்காவது வான்கள். ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களை ஓராண்டுக்குள் மாற்றிப் புதிய நிறத்தில் முகப்பு ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2028 வரை தள்ளி வைத்தார்கள். ரோயல்டி உயர்வையும் ஒரேயடியாக அல்லாமல் இரண்டு கட்டமாக ஏற்றச் சம்மதித்தார்கள். தொலைபேசி இலக்கத்தைப் பற்றியும், விலகினால் இரண்டு ஆண்டு இதே தொழில் செய்யக் கூடாது என்ற போட்டித் தடையைப் பற்றியும் கதைக்கவே மறுத்தார்கள். தடையின் சுற்றளவு மட்டும் என் எல்லைக்குள் குறுகியது.

அதே ஆண்டு ஒப்பந்தம் முடியும் வேறு ஐந்து பேர் எங்கள் கம்பனியில் இருந்தார்கள். பிரான்சைஸ் எடுத்தவர்கள் ஒன்றுகூடிப் பேசுவதைக் கம்பனி தடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இருந்தும் ஐவரில் இருவர் பயந்து ஒதுங்கிக்கொண்டார்கள். மற்ற மூவரோடு நான் பகிர்ந்துகொண்ட குறிப்புகளால் அவர்களில் ஒருவருக்கு விடுவிப்புப் பத்திரத்தில் அதே வரி கிடைத்தது. தனித்தனியே போய் மேசையில் உட்காருவதுதான் கம்பனிக்கு வசதி என்பதை அந்த வாரங்களில் கண்ணால் கண்டேன்.

அப்படியானால் ஏன் கையொப்பமிட்டேன்? விலகியிருந்தால் இரண்டு ஆண்டு என் எல்லைக்குள் புல்லைத் தொட முடியாது, இலக்கம் போய்விடும், நான்கு பணியாளர்களில் இருவராவது கம்பனியின் புதிய ஆளிடம் போய்விடுவார்கள். புதிய ஒப்பந்தத்தின் ஐந்து ஆண்டில் நான் கூடுதலாகக் கட்டப்போகும் தொகை, கட்டம் கட்டமாக ஏறுவதைக் கழித்தாலும், புதுப்பிப்புக் கட்டணத்தோடு சேர்த்து ஏறக்குறைய 30,000 டொலரைத் தாண்டும். தனியே புதிதாகத் தொடங்கி இழந்த வாடிக்கையாளரைத் திரும்பப் பிடிக்க ஆகும் செலவு அதைவிடக் கூடும் என்று கணக்காளரும் நானும் தனித்தனியாகப் போட்ட இரண்டு கணக்கிலும் வந்தது. முதற்தடவை பெயருக்கும் பயிற்சிக்கும் பணம் கொடுத்தேன். இந்தத் தடவை என் சொந்த வாடிக்கையாளரை என்னிடமே வைத்திருப்பதற்குக் கொடுக்கிறேன். இது எனக்குப் பிடித்த பதில் அல்ல. கணக்கு சொல்லும் பதில் இது.

மதிப்பெண் என்று கேட்டால், சேவைக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன்: கொள்வனவும் ஆலோசகரும் நான்கு பெறுவார்கள், அழைப்பு மையம் ஒன்றுக்கு மேல் பெறாது. புதுப்பிப்பு நடத்தப்பட்ட விதத்துக்கு இரண்டு போதும். சட்டத்தரணிக்கு ஐந்தும் தரலாம். அவருக்குக் கொடுத்த கட்டணம், கட்டங்கட்டமாக ஏறும் ரோயல்டியில் முதலாண்டு மிச்சமானதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். புதிதாக எடுக்க நினைப்பவர்களுக்கு, தொழில் தெரியாத நிலையில் இந்தக் கம்பனியை நான் இன்னும் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் நாளிலேயே புதுப்பிப்புப் பிரிவையும் தொலைபேசி இலக்கப் பிரிவையும் வாசித்து, வாடிக்கையாளர் அழைக்கும் இலக்கம் தங்கள் பெயரில் இருக்க முடியுமா என்று கேட்கச் சொல்வேன். அன்று அவர்களுக்கு உங்கள் கையொப்பம் தேவைப்படும், பேசுவதற்கு உகந்த நேரம் அதுதான்.

புதிய ஒப்பந்தம் 2030 டிசம்பர் 31 இல் முடிகிறது. அறிவித்தல் அனுப்ப வேண்டிய கடைசி நாள் 2030 ஜூன் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூரியர் அன்று வராது. மனைவி அதற்கு முந்தைய மார்ச் மாதத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமையைத் தன் கைத்தொலைபேசியில் குறித்து வைத்திருக்கிறாள்.